தியோடூலின் ஆணி

செவ்வாய்க்கிழமை மதியம் தியோடூல் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். இடது பூட்ஸின் குதிகாலில் ஓர் ஆணி கழன்று எங்கோ பாறையில் விழுந்துவிட்டது. அந்த அளவில் வேறு ஆணி வீட்டில் இல்லை. கோவேறு கழுதையின் பழைய லாடத்திலிருந்து சதுரத் தலை ஆணி ஒன்றைப் பிடுங்கி அதில் இறக்கினான். செரஃபீனா எதிரில் குந்தி, பூட்ஸ் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“விரலை நகத்து.”

“நீ நேரா அடி. நான் ஏன் நகத்தணும்.”

அவன் அடித்தான். அவள் விரலை நகர்த்தவில்லை. மூன்றாவது அடியில், நாள் முழுக்க நாக்கு நுனியில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

“மோதிரத்த இந்தத் தடவை அங்க மாட்டாத.”

“எங்க?”

“தெரியாதவன் மாதிரி கேக்காத. அவ சுவத்துல.”

“அது அவ சுவரா? வழிகாட்டிங்க சங்கத்துச் சுவரு.”

“சங்கமா உனக்கு விடியக்காலைல சூப்பு காய்ச்சி ஊத்துது?”

தியோடூல் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தான்.

“போட்டுக்கிட்டு ஏறினா விரல் வீங்கிடும் செரஃபி. மோதிரம் இறுக்கிக்கும், ரத்தம் ஓடாது. காஸ்பர் கதை உனக்குத் தெரியாதா?”

“அப்ப இங்கயே கழட்டி வெச்சிட்டுப் போ.”

“வீட்டுல வெச்சுக் கழட்டறது பொணத்துக்குத்தான். நான் இன்னும் பொணமாகல.”

“என்னமோ பண்ணிக்க. அந்த ஆணியில மாட்டக் கூடாது. அவ்வளவுதான்.”

அவன் கொஞ்ச நேரம் கொம்பைப் பார்த்தான். மலையின் முழுப்பெயர் கால்ட்ஹோர்ன். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, கொம்பு என்பார்கள். பிறகு “சரி” என்றான். பூட்ஸை மாட்டிக் கல்லில் இரண்டு முறை மிதித்துப் பார்த்தான். கம்பு ரொட்டியும் காய்ந்த மாட்டிறைச்சியும் பையில் போட்டுக்கொண்டு, கயிற்றைத் தோளில் மாட்டி, மலை ஏற வந்து ஹோட்டலில் காத்திருந்த வியன்னாக்காரரை அழைத்துப்போகக் கிளம்பினான். செரஃபீனா உள்ளே போய்ப் பால் பாத்திரத்தைக் கழுவினாள்.

கொம்பின் தோளில், பனியாறு தொடங்குமிடத்தில், ஒரு குடில் இருக்கிறது. ஏறுகிறவர்கள் முதல் நாள் மாலை அங்கே போய்ப் படுத்து, இருட்டோடு எழுந்து சிகரத்துக்குப் புறப்படுவார்கள். குடிலைப் பார்த்துக்கொண்டவள் கிரெசென்சியா. அவளுக்கு முன் அவள் அப்பா. தியோடூல் கல்யாணத்துக்கு முன்பு இரண்டு கோடையாக, மேய்ச்சல் திருவிழாவில் கிரெசென்சியாவோடுதான் ஆடினான். ஊரே பார்த்தது. மூன்றாம் கோடையில் அவன் அம்மா குறுக்கே வந்தாள். செரஃபீனாவுக்கு இரண்டு கறுப்புப் பசுக்களும் ஆற்றோரம் ஒரு வைக்கோல் நிலமும் இருந்தன. குடில்காரன் மகளுக்கு, வருஷத்தில் எட்டு மாதம் பனியில் மூடிக்கிடக்கும் ஒரு அடுப்பு இருந்தது.

தன்னைக் கட்டியதா, நிலத்தைக் கட்டியதா என்று செரஃபீனா அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவன் உண்மையைச் சொல்லியிருப்பான் என்ற பயம். ஆனால் கோடை முழுக்க அவன் கோட்டில் அந்த அடுப்பின் புகை வாசனை வரும். வீட்டில் எரிப்பது லார்ச் விறகு. அங்கே எரிப்பது குட்டைப் பைன், பிசின் நாற்றம் அடிக்கும். கோட்டை வெளியே கொடியில் போட்டுவிட்டுத்தான் அவனை உள்ளே விடுவாள். ஒருமுறை சூப்பைக் குடித்துவிட்டு அவன் வாய்தவறி, “இதுல கொஞ்சம் காட்டுப் பூண்டுத் தழை போட்டா நல்லாருக்கும்” என்றான். அன்றோடு அவள் வீட்டில் எந்தச் சமையலிலும் பூண்டுத் தழை விழுவது நின்றுபோனது.

ஆணி விஷயம் அவளுக்குத் தெரிந்தது துணி துவைக்கும் தொட்டியில். பியூஸின் மனைவி ஃபிலோமினா, கம்பளிக் காலுறையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். பியூஸ் தியோடூலுக்கு அடுத்த வழிகாட்டி. இருவரும் ஒரே கயிற்றில் போகிறவர்கள்.

“மேல எல்லாரும் மோதிரத்தக் கழட்டிச் சுவத்துல மாட்டிட்டுத்தான் ஏறுவாங்களாம். அவனவனுக்கு ஒரு ஆணி. எம் புருஷன் மோதிரமும்தான் தொங்குது. எனக்கென்ன, அவனுக்காக எவளும் வழி பாத்துக்கிட்டு நிக்கப் போறதில்ல. ஒம் புருஷனோடத அவ தெனம் தூசி தட்டுவாளா இருக்கும்.”

“தட்டட்டும்” என்றாள் செரஃபீனா. அன்று துவைத்த துணியில் பாதியை மறுபடி துவைத்தாள்.

மோதிரம் அவனோடு போகிறது, அவனோடு வருகிறது. நடுவில் ஓர் இரவு, ஒரு விடியல், பாதிப் பகல், அது இன்னொருத்தியின் கண்முன் தொங்குகிறது. தான் போட்டுவிட்ட மோதிரம். கல்யாணமாகி இத்தனை கோடையில் அது எத்தனை முறை தொங்கியிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்து ஒவ்வொரு முறையும் பாதியில் விட்டாள். அதனால்தான் செவ்வாய்க்கிழமை அதைச் சொன்னாள்.

புதன்கிழமை மாலை பியூஸும் வியன்னாக்காரரும் இரண்டு பேராக இறங்கி வந்தார்கள்.

சிகரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கிழக்கு முகட்டில் நடந்தது. ஏறும்போது கெட்டிக்காரன் முதலில் போவான், இறங்கும்போது கடைசியில் வருவான். மற்றவர்கள் சறுக்கினால் மேலிருந்து பிடிக்க வேண்டும். கடைசியில் தியோடூல். வியன்னாக்காரர் கால் வழுக்கி விழுந்தார், பியூஸையும் இழுத்துக்கொண்டு போனார். தியோடூல் பனிக்கோடரியைக் குத்தி, கயிற்றை அதில் ஒரு சுற்று சுற்றிப் பிடித்தான். இருவரும் நின்றார்கள். காலூன்றிக்கொண்டு பியூஸ் நிமிர்ந்து பார்த்த நேரத்தில், தியோடூல் நின்றிருந்த இடம், முகட்டில் காற்று கட்டிவைத்திருந்த பனிக்கூரை, அப்படியே பிய்ந்து வடக்கே போனது. கயிறு பாறை விளிம்பில் அறுந்தது. வடக்கே நேர்கீழே பனியாறு; அதன் பிளவுகளில் இறங்கி யாரும் தேட முடியாது.

“கோடரிய விட்டுட்டு எங்க பக்கமா குதிச்சிருக்கலாம்” என்றான் பியூஸ், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. “ஏன் குதிக்கலன்னு தெரியல. கை வரலயோ என்னவோ.”

“மோதிரம் போட்டிருந்தானா?” என்று கேட்டாள் செரஃபீனா.

பியூஸ் அவளை வினோதமாகப் பார்த்தான். “கையுறை போட்டிருந்தான். நான் கயிறப் பிரிச்சு வைக்க முன்னாடியே வெளிய போயிட்டேன், அவன் மாட்டினானா இல்லயான்னு பாக்கல.”

உடலில்லாத பூசை நடந்தது. கல்லறையில் வெறும் குழிக்கு மேல் சிலுவை நட்டார்கள். கிரெசென்சியா குடிலைப் பூட்டிவிட்டு இறங்கி வந்து, தேவாலயத்தின் கடைசி வரிசையில் கறுப்புத் தலைத்துணியோடு நின்றாள். வாசலில் ஃபிலோமினா யாரிடமோ சொன்னது செரஃபீனாவின் காதில் விழுந்தது: “குழி ஒண்ணுதான். விதவைங்க ரெண்டு பேர் போலிருக்கே.”

மறுவாரமே செரஃபீனா குடிலுக்கு ஏறினாள். ஊர்ப் பெண்கள் மேய்ச்சல் எல்லையைத் தாண்டி ஏறும் வழக்கமில்லை. காலில் வைக்கோல் நிலத்துக்குப் போடும் செருப்பு. கல்மேட்டில் இரண்டு முறை விழுந்து முழங்கால் கிழிந்தது. ஏறும்போது அவள் அழவில்லை. அவனை நினைத்தால்தானே அழுகை வரும். அவள் நினைத்தது மோதிரத்தை. ‘சரி’ என்றானே தவிர, அவன் பழக்கத்தை விடுகிற ஆளில்லை. மாட்டியிருப்பான். அது இப்போது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். வராதவர்களின் மோதிரத்தை எடுக்கக் கூடாது, மாட்டிய கையைத் தவிர வேறு கை அதில் படக் கூடாது என்பது அங்கே சட்டம். இருக்கட்டும். இவள் எடுத்துக்கொண்டு வருவாள். ஆயுள் முழுக்க அதைக் கிரெசென்சியா பார்த்துக்கொண்டிருக்க விடமாட்டாள்.

கிரெசென்சியா அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். செரஃபீனா முதலில் அவள் கைகளைப் பார்த்தாள். விரல்கள் வெறுமையாக இருந்தன. கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு சட்டைக்குள் இறங்கியது. கிரெசென்சியா அந்தப் பார்வையைக் கவனித்துவிட்டு, கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினாள். மாவுப் பெட்டியின் சாவி.

“போதுமா? இல்ல, சட்டையக் கழட்டட்டுமா?”

“அவனோட ஆணி எது?”

கிரெசென்சியா முகவாயால் சுவரைக் காட்டினாள்.

அடுப்புக்கு மேலே நீளப் பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றின் கீழும் கத்தியால் கீறிய பெயர். செரஃபீனா சின்ன வயதிலிருந்து கேட்ட கொம்பின் கதை முழுக்க அந்தப் பலகையில் இருந்தது. முதல் ஆணி காஸ்பருடையது. ஆங்கிலேயப் பாதிரியார் ஒருவரோடு, மூன்று கோடை தோற்று நான்காம் கோடையில், முதன்முதலாகக் கொம்பின் உச்சியில் நின்றவன். ஹோட்டல் சுவரில் தொங்கும் படத்தில் பாதிரியார் மட்டும்தான் இருக்கிறார். காஸ்பர் வீங்கிய விரலில் மோதிரம் இறுகிக் கறுத்துப்போய், இறங்கும் வழியிலேயே பாறைமேல் கையை வைத்து விரலைத் தானே வெட்டிக்கொண்டான். அடுத்த கோடையில் அவன் அடித்ததுதான் முதல் ஆணி. அவனுக்கே அது தேவைப்படவில்லை. பிறகு வருகிறவர்கள் பார்க்கட்டுமென்று அடித்தான். அதற்கடுத்து மேற்குப் பக்கம் வழி கண்ட அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்கள் ஆணிகளில் மோதிரங்கள் இருந்தன, புயலில் போனவர்கள். கொம்பின் செங்குத்தான வடக்குச் சுவரை முயன்று பாதியில் திரும்பியவன் பெயர். ஆணி மட்டும் இருக்கிறது, ஆள் வயதாகிக் கட்டிலில் செத்தான். இப்படியே வந்து கீழ்வரிசையில் பியூஸ். பக்கத்தில் தியோடூல்.

தியோடூலின் ஆணி காலியாக இருந்தது.

“எடுத்துட்டியா?” என்றாள் செரஃபீனா.

“நான் எதுக்கு எடுக்கறேன். அவன் மாட்டவேயில்ல.”

“பின்ன?”

கிரெசென்சியா சாம்பல் வாளியைக் கீழே வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். “போட்டுக்கிட்டே போனான். விரல்லயே. மொத தடவையா. கழட்டுடா, விரல் செத்துடும்ன்னேன். பொண்டாட்டி மாட்ட வேணாங்கறாளாம்னான்.” வாளியை மறுபடி தூக்கினாள். “செத்த விரல வெச்சுக்கிட்டு ஒருத்தன் எவ்வளவு நேரம் கயிறு புடிப்பான், சொல்லு.”

செரஃபீனா இறங்கினாள். பனியாற்றின் ஓரம் வரை அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. மாட்டவில்லை. அவள் சொன்னதற்காக மாட்டவில்லை. அந்த அடுப்பின் முன்னால், அந்தச் சூப்பின் முன்னால், பொண்டாட்டி சொன்னாள் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். நிலத்தைக் கட்டவில்லை, தன்னைத்தான் கட்டினான். மோதிரம் பனிக்குள் அவன் விரலில் இருக்கிறது, இனி எந்தப் பெண்ணும் அதைப் பார்க்கமாட்டாள். ஜெயித்துவிட்டாள்.

கல்மேட்டுக்கு வந்தபோதுதான் செத்த விரலைப் பற்றிய அந்தக் கடைசி வாக்கியம் அவளைப் பிடித்தது. ஒரு கல்லில் உட்கார்ந்தவள் இருட்டும்வரை எழவில்லை.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவள் அதே ஊரில் வாழ்ந்தாள். பசுக்களை வளர்த்தாள், வைக்கோல் சுமந்தாள், குளிர்காலத்தில் தேவாலயத்துத் துணிகளுக்குப் பூவேலை செய்தாள். மறுகல்யாணத்துக்கு ஒரு ரொட்டிக்காரன் கேட்டு வந்தான், பதிலே சொல்லவில்லை. முதல் சில குளிர்காலங்களில், யாரும் பார்க்காதபோது, தன் விரலைச் சணலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பனிக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். பிறகு பால் வாளியின் பிடியைப் பிடித்துத் தூக்குவாள். சில நாள் தூக்க முடிந்தது. சில நாள் வாளி கையைவிட்டு விழுந்தது. முடியாத நாளில் அவனைத் தானே கொன்றதாக இருக்கும். முடிந்த நாளில், அவன் கை பெரிய கை, இன்னும் இறுக்கியிருக்கும் என்று தோன்றும்.

இதெல்லாம் இருந்தும் பொறாமை குறையவில்லை. அவனுடைய கடைசி இரவு அவளிடம் இல்லை. கடைசி சூப்பு, கடைசியாக அவன் சொன்ன பேச்சு, எல்லாம் மேலே இருந்தன. கிரெசென்சியாவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் செய்துகொண்டிருந்தால் செரஃபீனாவுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும். குளிர்காலத்தில் அவள் ஊருக்குள் இறங்கிவந்து தங்கும் மாதங்களில் இருவரும் ஒரே தேவாலயத்தில், ஆளுக்கொரு ஓரத்தில் முழந்தாளிட்டார்கள். யார் அதிக நேரம் எழாமல் இருக்கிறார்கள் என்பது ஊருக்கு வேடிக்கை.

பனியாறு நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே விழுந்ததைக் கீழே கொண்டுவந்து வாயில் துப்பும். எந்த இடத்தில் விழுந்தால் எந்த வருஷம் வெளியே வரும் என்று கிழட்டு வழிகாட்டிகள் மதுக்கடையில் பந்தயம் கட்டுவார்கள், செரஃபீனா உள்ளே வந்தால் பேச்சை மாற்றுவார்கள். ஒரு வறண்ட கோடையில், பனியாற்றின் வாயில் பயணிகளுக்காகப் படி வெட்டிக்கொண்டிருந்த பியூஸ் ஒரு பூட்ஸைப் பார்த்தான். குதிகாலில், வட்ட ஆணிகளுக்கு நடுவே ஒரு சதுரத் தலை ஆணி.

அவனே வந்து சொன்னான். கிழவனாகியிருந்தான்.

“கையப் பாத்தேன் செரஃபி. கையுறை இல்ல. மோதிரமும் இல்ல.”

செரஃபீனாவின் மனசு ஒரே தாவில் குடிலுக்குப் போனது. ‘அவள்தான். எடுத்து வைத்துக்கொண்டு, விரலில் போட்டுப் போனான் என்று பொய் சொல்லி, இத்தனை வருஷம்.’ எழுந்தே விட்டாள். ஊன்றுகோலைத் தேடினாள்.

“எங்க கெளம்பிட்ட? உக்காரு. இன்னும் முடிக்கல” என்றான் பியூஸ். “உள்கோட்டுப் பை பட்டன் போட்டிருந்துச்சு. அதுல இது.”

ஒரு சின்ன முடிச்சு. சிவப்புக் கட்டம் போட்ட துணியில் கிழித்த துண்டு. உள்ளே வட்டமாகத் தட்டுப்பட்டது. அவிழ்க்காமலே அது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சிவப்புக் கட்டமும் தெரிந்தது. குடிலில் பாத்திரம் துடைக்கும் துணி. ஒவ்வொரு வசந்தத்திலும் கிரெசென்சியா ஊர்த் தொட்டியில்தான் அதைத் துவைப்பாள்.

இம்முறை குழி வெறுமையாக இல்லை. எல்லோரும் போன பிறகு இரண்டு கிழவிகள் சிலுவையின் இரு பக்கமும் நின்றார்கள். செரஃபீனா உள்ளங்கையை விரித்து முடிச்சைக் காட்டினாள்.

“நீ கட்டினதா?”

“ஆமா. மாவு மூட்டை கட்டற முடிச்சு. வேற போடத் தெரியாது எனக்கு.”

“விரல்ல போட்டுட்டுப் போனான்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

“ஏன்?”

கிரெசென்சியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அன்னிக்கு நீ உள்ள வந்த. ராத்திரி தூங்கினானா, என்ன சாப்பிட்டான், என்ன பேசினான், ஒரு வார்த்தை கேட்டியா? எங் கையப் பாத்த. அப்புறம் கழுத்தப் பாத்த. சரி, உனக்கும் கொஞ்சம் வலிக்கட்டும்னு தோணிச்சு.”

“எனக்கு எத்தனை வருஷம் வலிச்சுதுன்னு தெரியுமா?”

“தெரியும். எதிர் ஓரத்துலதான முட்டி போட்டிருந்தேன்.”

காற்று சிலுவையில் கட்டியிருந்த பூவை அசைத்தது. கிரெசென்சியாவே மறுபடி பேசினாள்.

“வெறுமனே பையில போட்டான். விழுந்துடும்டா, குடுன்னு வாங்கி, துணியக் கிழிச்சுக் கட்டிக் குடுத்தேன். அத்தனை கோடையா எங் கண்ணு முன்னாடி தொங்கிச்சு, செரஃபீனா. ஒருநாள் தொட்டதில்ல. சட்டம். அன்னிக்குத்தான் எங் கையில வந்துச்சு. முடிச்சுப் போடற நேரம் மட்டும். நீ ஆணி வேணாம்னு சொல்லாம இருந்தா, அதுகூட எனக்குக் கெடச்சிருக்காது.”

செரஃபீனா விரல்களை மூடிக்கொண்டாள். அவன் கை செத்திருக்கவில்லை. அது ஒன்று போதும், அதற்காக அழலாம் என்று நினைத்தாள். ஆனால் முதலில் வந்தது அழுகை அல்ல. இந்தக் கிழவியின் கையில், அடுப்பு வெளிச்சத்தில், அந்த மோதிரம் இருந்த அந்தச் சிறு நேரம். அதைத் தானே கொடுத்தாளே என்ற எரிச்சல். இத்தனைக்கும் பிறகு.

“வராதவங்க மோதிரம் ஆணியிலதான் இருக்கணும்” என்றாள் கிரெசென்சியா. “அதான் வழக்கம். நானே கொண்டுபோய் மாட்டறேன். இல்ல, நீ வா, நீயே மாட்டு.”

“அவன் வந்துட்டான்” என்றாள் செரஃபீனா. “லேட்டா வந்தான். வந்துட்டானா இல்லயா?”

“வந்துட்டான்.”

“அப்ப மோதிரம் வீட்டுக்கு வருது.”

முடிச்சை அவிழ்க்க அவளுக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது, வெட்டவில்லை. துணியை அடுப்பில் போட்டாள். மோதிரம் அவள் கட்டைவிரலுக்கே பெரிதாக இருந்தது. கையை மடக்கியே வைத்திருக்கப் பழகிக்கொண்டாள்.

பியூஸின் மருமகன் இப்போது வழிகாட்டி. ஒவ்வொரு கோடையும் முதல் ஏற்றம் முடித்து வந்ததும், அவள் கேட்காமலே, வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவான். கிரெசென்சியாவுக்கு முதுகு வளைந்துவிட்டது, ஆனாலும் அவள்தான் இன்னும் அடுப்பு மூட்டுகிறாள். பலகையில் புதுப் பெயர்கள் இரண்டு ஏறியிருக்கின்றன. கீழ்வரிசையில் பியூஸுக்குப் பக்கத்து ஆணி காலியாகத்தான் இருக்கிறது. அது மட்டும் துருப்பிடிக்கவில்லை.